கருமூக்கியின் கழுத்து

தஞ்சாவூர் பைபாஸைத் தாண்டி, புதாற்றங்கரை ஓரமாக ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அதன் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் பிணவறைக்கும் நடுவே விலங்குக்கூடம். எலிக்கும் முயலுக்கும் ஏசி அறை. ஆடு நாலுக்கும் வெளியே ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்குப் பொறுப்பு துரைராசு. வயசு ஐம்பத்து நாலு, படிப்பு அஞ்சாம் வகுப்பு, வேலை கான்ட்ராக்ட். பதினோரு வருஷத்தில் அவர் யாருக்கும் குட்மார்னிங் சொல்லி ஒருத்தர் கேட்டதில்லை. எதிரே வருகிறவர் சொன்னால் ஓர் உறுமல் வரும். அவ்வளவுதான் மரியாதை.

அப்பா கிடைக்காரர். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து, அறுவடை முடிந்த வயல்களுக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர். அறுத்த வயலில் ஆட்டை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் நெல் அளப்பார். ஒரு வருஷம் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்கு ஆள் தேவைப்படாத மாதங்களில் மட்டும் துரைராசு பள்ளிக்கூடம் போனார். அந்தக் கணக்குக்கு அஞ்சாம் வகுப்பு வந்ததே பெரிசு. அப்பா செத்தபின் ஆடு போயிற்று. பதினாறு வருஷம் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார். இடுப்பு போயிற்று. அப்புறம் மனைவி ஞானாம்பாள், கல்லூரி கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவள், வந்து சொன்னாள்:

"ஆடு பாத்துக்க ஆள் வேணுமாம். உங்களுக்கு மனுசங்களோட ஒத்துவராது. ஆட்டோடயாவது ஒத்துவருதான்னு பாப்போம்."

"ஆஸ்பத்திரியில ஆட்டுக்கு என்னடி வேலை?"

வேலை இதுதான். நோயாளியின் சீழிலும் சளியிலும் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னத் தட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஜெல்லி மாதிரி ஒன்றை ஊற்றி ஆட்டு ரத்தம் கலந்தால் கிருமி அதில் வளரும். வளர்ந்ததைப் பார்த்து டாக்டர் மருந்து எழுதுவார். அதற்காக ஆட்டின் கழுத்து நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பார்கள். இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. விலங்கை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடத்திலெல்லாம் சட்டப்படி ஒரு கமிட்டி இருக்க வேண்டும். எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கலாம் என்று அது எழுதிக் கொடுக்கும். அந்தக் காகிதத்தைக் கொட்டகைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். முழுக்க இங்கிலீஷ். துரைராசுவுக்கு அதில் இரண்டே இரண்டு தெரியும். 150 என்று ஓரிடத்தில், 30 என்று ஓரிடத்தில். ஒரு தடவைக்கு நூற்றைம்பது மில்லி. முப்பது நாளைக்கு ஒரு தடவை. அதற்கு மேல் தெரிந்து அவருக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது. கிருமித் துறைக்கு டாக்டர் ரகுராமன் தலைவராக வந்த பிறகுதான் இந்தக் கதை.

ரகுராமன் கெட்டிக்காரர். அதை அவரே சொல்லிக்கொள்வார். வந்த வருஷமே, மற்ற லேபுகளுக்கும் இங்கிருந்து ரத்தத் தட்டு போக ஆரம்பித்தது. தட்டு கூடினால் ரத்தம் கூட வேண்டும். ஆடு அதே நாலு. மாசத்துக்கு ஒன்று பதினைந்து நாளைக்கு ஒன்றாயிற்று. பதினைந்து நாள் வாரமாயிற்று. அளவும் நூற்றைம்பதில் நிற்கவில்லை. ரத்தம் எடுப்பவள் லேப் டெக்னீஷியன் செம்மொழி. ரிஜிஸ்டர் எழுதுவதும் அவள்தான். எப்போதும் மாசத்துக்கு ஒரு தேதிதான் அதில் ஏறும்.

துரைராசு ரிஜிஸ்டரைத் தொட்டதில்லை. அவருக்கு வேறொரு வழி இருந்தது. ஒவ்வொரு தடவை ரத்தம் எடுத்ததும் ஆட்டின் இடுப்புக்கு மேல் செங்காவியால் ஒரு விரல் கோடு. கிடையில் எது ஈன்றது, எது சினை என்று இப்படித்தான் அடையாளம் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கை அதைத் தானாகச் செய்தது.

நாலில் மோசமானது மூணாம் நம்பர். காதில் நம்பர் வில்லை இருந்தாலும் துரைராசு அதைக் கருமூக்கி என்றுதான் சொல்வார். வெள்ளை ஆடு, மூக்கு மட்டும் கறுப்பு. நரம்பு சுலபமாகக் கிடைக்கிற கழுத்து அதற்கு. அதனாலேயே அதற்குத்தான் ஊசி அதிகம். ஆடி மாசத்தில் ஒரு நாள் அது தீனியாக வைத்த உளுந்துப்பொட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. துரைராசு கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இன்னும் ஒரு தடவை எடுத்தால் இது தாங்காது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. இந்த வெளுப்பு கண்ட ஆட்டை மறுநாளே அப்பாவும் அவரும் சேர்ந்து குழியில் புதைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே ரகுராமன் கொட்டகைப் பக்கம் வந்தார், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு.

"திங்கக்கிழமை மூணாம் நம்பரைப் பிடிச்சு வை."

"போன வியாழன்தான் எடுத்தது சார்."

"அதுக்கு?"

"காகிதத்துல முப்பதுன்னு போட்டிருக்கு."

"ஓ! உனக்கு இங்கிலீஷ்லாம் தெரியுமா?"

"எண் தெரியும்."

ரகுராமன் சிரித்தார். "வார்டுல காய்ச்சலோட கிடக்கறான் மனுசன். மெட்ராஸ்லேர்ந்து வர்ற ரத்தம் வழியிலயே வெயில்ல கெட்டுப் போகுது. ஆடு பெருசா, ஆள் பெருசா? சொல்லு."

"வெளி லேபுக்குப் போற தட்டெல்லாமும் நம்ம வார்டுலதான் படுத்திருக்கா சார்?"

சிரிப்பு நின்றது. "கழுத்தை நீட்டிப் பிடிக்கிறதுதான் உன் வேலை. பிடிக்க முடியலேன்னா சொல்லிடு, பிடிக்கிறதுக்கு ஊர்ல ஆளா இல்ல?"

அவர் போனதும், கூட வந்திருந்த செம்மொழி பின்தங்கி மெதுவாகச் சொன்னாள்: "ஏண்ணே வம்பு? வெள்ளிக்கிழமை கமிட்டியிலேர்ந்து வர்றாங்க. அவங்ககிட்ட சொல்லிக்கலாம்ல?"

"வருசா வருசம் வந்து முந்திரிப்பருப்பு தின்னுட்டுப் போற கமிட்டிதானே?"

"இந்தத் தடவை கவர்மெண்ட் போட்ட ஆளு வேற. நாகூர்க்காரம்மா. மாட்டு டாக்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்களாம்."

மாட்டு டாக்டர் என்றதும் துரைராசு உறுமவில்லை. வாயால் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டால் திங்கட்கிழமை ஊசி நிற்கும். கருமூக்கி பிழைக்கும். கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாலு ஆட்டையும் அவிழ்த்துப் புதாற்றுக்கு ஓட்டிப் போனார். கல்லணைத் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. துணி சோப்பு போட்டு, தேங்காய் நாரால் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அப்பா காலத்துப் பழக்கம். வயல்காரர் கண்ணில் படுமுன் ஆட்டைக் குளிப்பாட்டாத கிடைக்காரன் ஒரு கிடைக்காரனா? வருகிற அம்மா ஆட்டைப் பார்த்த உடனே, வளர்க்கத் தெரிந்தவன் வளர்த்தது என்று தெரிய வேண்டும். கருமூக்கி தண்ணீரில் நிற்க முடியாமல் சாய்ந்தது. அதைத் தொடையில் தாங்கிக்கொண்டு கழுவினார். கரையேறியபோது நாலும் மல்லிகைப்பூ மாதிரி இருந்தன. துரைராசுவுக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

பத்தரை மணிக்கு அந்த அம்மா வந்தார். பெயர் மெஹராஜ் பேகம். முக்காடு போட்ட பருத்திப் புடவை, கையில் ஒரு பழைய ரெக்சின் பை, காலில் சேறு படிந்த செருப்பு. ரகுராமன் எலி அறை, முயல் அறை எல்லாம் காட்டி, டீயும் முந்திரியும் காட்டி, "ஷெட் ஒன்னும் பெருசா இல்ல மேடம், வெயில் வேற" என்றார்.

"நான் வெயில்லயே முப்பது வருசம் மாட்டுக்கு ஊசி போட்டவ. நடங்க."

ரகுராமனும் செம்மொழியும் பின்தொடர, கொட்டகைக்கு வந்ததும் ஆடுகளைப் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார். துரைராசு காத்திருந்த வார்த்தை. உடனே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, இதுங்க ரத்தத்தை உறிஞ்சி எடுக்கறாங்க. வாரம் தவறாம எடுக்கறாங்க. மூணாம் நம்பரைப் பாருங்க, திங்கக்கிழமை எடுத்தா செத்துரும்."

ரகுராமன் பதறவில்லை. ரிஜிஸ்டரை நீட்டினார். "மாசத்துக்கு ஒன்னு. நூத்தம்பது மில்லி. எல்லாம் தேதியோட இருக்கு மேடம். இவருக்கு எம்மேல கொஞ்சம் வருத்தம்."

மெஹராஜ் பேகம் பக்கத்தைப் புரட்டினார். "இதுல மாசம் ஒன்னுதான் இருக்கு. நீங்க வாரம் ஒன்னுங்கறீங்க. எதை வச்சுச் சொல்றீங்க?"

"முதுகைப் பாருங்கம்மா! ஒவ்வொரு எடுப்புக்கும் ஒரு கோடு..."

கையை நீட்டிக்கொண்டே திரும்பினார். முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுக் காவி இல்லை. காலையில் தேங்காய் நாரால் எதைத் தேய்த்துக் கழுவினோம் என்பது அப்போதுதான் துரைராசுவுக்கு உறைத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது.

"எந்தக் கோடு?"

"கழுவிட்டேம்மா."

"கழுவிட்டீங்களா?"

"நீங்க வர்றீங்கன்னு."

ரகுராமன் சிரித்தே விட்டார். "கேட்டீங்களா மேடம்? கோடு போட்டாராம், கழுவிட்டாராம்." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஆடு வெளுத்திருக்கு, ஒத்துக்கறேன். வயித்துப் புழு. புழு மருந்து கொடுக்கற பொறுப்பு யாரோடது? இவரோடது. கொடுக்காம விட்டுட்டுப் பழியை எம்மேல போடறாரு."

துரைராசுவுக்கு வாயில் வந்தது எல்லாம் கெட்ட வார்த்தை. ஒரு பொம்பளை நிற்கிறாரே என்று முழுங்கினார். "கொடுத்தேன்" என்று மட்டும் வந்தது.

"எழுதி வச்சிருக்கியா?" என்றார் ரகுராமன்.

எழுதவில்லை. எழுதுகிறவராக இருந்தால் காவி எதற்கு?

மெஹராஜ் பேகம் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து கருமூக்கியின் இமையை இழுத்துப் பார்த்தார். புழுவால் வருகிற வீக்கம் இருக்கிறதா என்று தாடைக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். கழுத்தில் கை வைத்தபோது ஆடு துள்ளி விலகியது. விலகக்கூட அதற்குத் தெம்பில்லை, பின்னங்கால் மடங்கியது.

"கத்தரி இருக்கா?"

துரைராசு ஓடிப்போய் முடி வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்தார்.

"முட்டிக்கு நடுவுல பிடிங்க. தலையைத் திருப்புங்க." அந்த அம்மாவே கத்தரித்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் தெரிந்தது. அவர் விரலை வைத்து எண்ணினார். இடது பக்கம் மூன்று ஊசிக்குத்து, வலது பக்கம் நாலு. ஒன்று சீழ் கோத்து வீங்கியிருந்தது.

"ரிஜிஸ்டர்ல போன மாசத்துக்கு ஒன்னுதான் இருக்கு. குத்து ஏழு இருக்கு. எடுக்கறது யாரு?"

செம்மொழிக்கு முகம் செத்துப்போயிற்று. ரகுராமன் அவளைப் பார்த்தார். துரைராசுவும் பார்த்தார். அவளும் கான்ட்ராக்ட்தான். அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நான்தான் மேடம். அன்னிக்கு நரம்பு சரியா கிடைக்கல. ஒரே தடவையில ஏழு இடத்துல குத்த வேண்டியதாப் போச்சு."

"அடிப்பாவி" என்றார் துரைராசு. யார் நின்றால் என்ன என்று ஆகிவிட்டது.

மெஹராஜ் பேகம் எழுந்திருக்கவில்லை. "இங்க வாம்மா. உக்காரு. இதைத் தொட்டுப் பாரு. பொருக்கு காஞ்சு உதிரப் போகுதா? இதைப் பாரு, இன்னும் ஈரம். இது நீலம் பாரிச்சிருக்கு, இது மஞ்சளாயிருச்சு. ஒரே நாள்ல குத்தினது நாலு விதமா ஆறுமா? நான் மாட்டு டாக்டர்ம்மா, என்கிட்ட இந்தக் கதை வேணாம்."

செம்மொழி அழுதாள். அதைப் பார்த்து துரைராசுவுக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். வரவில்லை.

அந்த அம்மா அங்கேயே, தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினார். பின்னால் கமிட்டி வழியாக அது உத்தரவாகவே வந்தது. இமைக்குள் சிவக்கும் வரை நாலு ஆட்டிலும் ரத்தம் எடுக்கக் கூடாது. வாராவாரம் இமையைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுத வேண்டியவர் துரைராசு. அவர் பெயரைப் போட்டே எழுதியிருந்தார்.

"பேரைப் போட்டுருக்கேன். அதனால உங்களை நிறுத்துனா எனக்குப் பதில் சொல்லணும். புழு மருந்து கொடுத்தா அதையும் எழுதுங்க. வாயால கொடுத்தேன்னு இனிமே வராதீங்க." கிளம்பும்போது திரும்பி, "ஆட்டைக் கழுவுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும்யா" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத் துரைராசு அவரை ஒரு மாசம் மன்னிக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். ரகுராமன் அவரை நிறுத்த முடியாது. ஆனால் மற்றது எல்லாம் முடியும். கொட்டகை மின்விசிறி பழுது பார்க்கப் போய்த் திரும்பவில்லை. வாரம் இரண்டு மூட்டையாக வந்த தவிடு ஒன்றாயிற்று. துரைராசு வீட்டு வாசலில் இருந்த அகத்தியை ஒடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். "மக வீட்டுக்குச் சீர் கொண்டு போறாரு" என்று ஞானாம்பாள் கேன்டீனில் சொல்லிச் சிரித்தாள். திங்கட்கிழமைதோறும் ரகுராமன் கொட்டகை வாசலில் வந்து நிற்பார்.

"சிவந்துச்சா?"

"இல்ல."

"போன வாரமும் இல்லன்ன."

"இந்த வாரமும் இல்ல."

நோட்டில் துரைராசு தமிழில் எழுதினார். வெளுப்பு. அடுத்த வாரம், வெளுப்பு. முதல் நாலு வாரம் அது உண்மை. ஐந்தாம் வாரம் கருமூக்கி மற்ற ஆட்டை முட்டித் தள்ளிவிட்டுத் தொட்டியில் வாயை வைத்தது. இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே நல்ல சிவப்பு. நோட்டை எடுத்தார். வெளுப்பு என்று எழுதினார்.

ஏழாம் வாரம் செம்மொழி வந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் ஆட்டைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, நல்லா சிவந்திருக்கே."

"உன் கண்ணுக்கு."

"பாப்பாநாட்டுலேர்ந்து ஒரு பொம்பளை, பிரசவக் காய்ச்சல், நாலு நாளா கிடக்கு. தட்டு இல்ல. நேத்து வந்த ரத்தமும் கெட்டுப் போச்சு. என்ன கிருமின்னே தெரியாம மருந்து மாத்தி மாத்தி ஏத்தறாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"நான் பொய் சொன்னப்ப அடிப்பாவின்னீங்க. நீங்க எழுதுறது மட்டும் என்னவாம்?"

"போடி வேலையைப் பார்த்துக்கிட்டு."

அவள் போய்விட்டாள். துரைராசு அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. ஞானாம்பாள் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் மூடியபடி இருந்தது. சிவப்பு என்று எழுதினால் ரகுராமன் மறுநாளே ஊசியோடு நிற்பார். முதல் மாசம் நூற்றைம்பது. இரண்டாம் மாசம் யார் கண்டது? எழுதாவிட்டால் பாப்பாநாட்டுக்காரி. அவர் யாருக்கும் நல்லவராக இருந்து பழகியதில்லை. இப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கெட்டவராக இருக்க வேண்டியிருந்தது. நோட்டை மூங்கில் தட்டிக்கு மேல் தூக்கிப் போட்டார்.

மறுநாள் மெஹராஜ் பேகம் வந்து நின்றார். சொல்லாமல் வந்தார். யார் கூப்பிட்டது என்று துரைராசு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இமையைப் பார்த்தார். நோட்டைக் கேட்டார். தட்டிக்கு மேலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏழு வாரமாக ஒரே வார்த்தை.

"இது என்ன?"

துரைராசு தொட்டியில் கிடந்த தவிட்டைக் கிளறினார்.

"உங்க பேரைப் போட்டுட்டு வந்தேன். அந்த ஆள் எழுதின ரிஜிஸ்டரை நம்பாம உங்களை நம்பினேன். இப்ப இந்த நோட்டை எங்க கொண்டுபோய்க் காட்டுறது? அவரு சிரிப்பாரா மாட்டாரா?"

"எடுக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்மா அவன்."

"நிறுத்துறதுக்குத்தான் உங்களைப் போட்டது! ரத்தமே எடுக்கக் கூடாதுன்னா நான் எழுதினேன்? அளவா எடுக்கணும்னு எழுதினேன். அந்த அளவைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிருங்க. வேற ஆளைப் பார்க்கறேன்."

ரகுராமன் சொன்ன அதே வார்த்தை. பிடிக்க முடியவில்லை என்றால் வேற ஆள். துரைராசுவுக்குச் சுள்ளென்று ஏறியது. பேனாவைப் பிடுங்குகிற மாதிரி வாங்கி, மூன்று வாரத்தையும் அடித்தார். ஐந்து, ஆறு, ஏழு, எல்லாவற்றிலும் சிவப்பு என்று எழுதினார். அடித்தது தெரிகிற மாதிரியே விட்டார். அந்த அம்மா அதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

"நாளைக்குக் காலையில எடுக்கட்டும். மூணாம் நம்பர் வேணாம், அதுக்கு இன்னும் ஒரு மாசம் போகட்டும். ஒன்னாம் நம்பர்."

மறுநாள் எட்டு மணிக்கு ரகுராமனும் செம்மொழியும் வந்தார்கள். துரைராசு ஒன்றாம் நம்பரை முட்டிக்கு நடுவே இறுக்கி, தலையைத் திருப்பினார். செம்மொழி பஞ்சால் துடைத்து ஊசியை இறக்கினாள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. குழாய் வழியாக ரத்தம் தராசில் இருந்த பாட்டிலுக்குள் இறங்கியது. துரைராசு ஆட்டைப் பார்க்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். ரகுராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அளவு நூற்றைம்பதை நெருங்கியது.

"நிறுத்து" என்றார் துரைராசு.

செம்மொழியின் கை ஊசி வரை போய் நின்றது.

"இன்னும் ஒரு ஐம்பது விடு" என்றார் ரகுராமன். "வார்டுக்குத்தான். வெளிய போகாது."

"காகிதத்துல என்ன போட்டிருக்கு?"

"யோவ், ஒரு உயிர் கிடக்குதுய்யா அங்க."

"அந்த உயிருக்கு எத்தனை தட்டு வேணும்? செம்மொழி, நூத்தம்பதுல எத்தனை தட்டு வரும்?"

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நூறு தட்டுக்கு மேல வரும்ணே" என்றாள்.

துரைராசு குழாயைக் கட்டைவிரலால் மடித்து அமுக்கினார். ரத்தம் நின்றது. ரகுராமன் ஒரு அடி முன்னால் வந்தார். துரைராசு நகரவில்லை. முட்டிக்கு நடுவே ஆடு, விரலுக்கு அடியில் குழாய், இரண்டையும் விடுவதாக இல்லை. செம்மொழி ஊசியை உருவினாள்.

ரகுராமன் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினார். நாலு எட்டு போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இதுக்கு அடுத்தது முப்பது நாள் கழிச்சு."

"எனக்குத் தெரியும்யா."

"தெரிஞ்சா சரி" என்றார் துரைராசு. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, ரத்தம் முழுக்க நிற்கும் வரை அப்படியே குந்தியிருந்தார்.